மவுண்ட் வெர்னனில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகை: ஒரு பாடகர் குழுவின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற சிறு நகரில், 2020 மார்ச் 10 செவ்வாய்க்கிழமை மாலை 61 பேர் கூடிப் பாடினார்கள். அடுத்த சில நாட்களுக்குள் அவர்களில் 53 பேருக்கு உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான கொரோனா. மூன்று பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

இந்த ஒத்திகையைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய வந்துவிட்டது. நான் மருத்துவன் இல்லை. ஒரு ஆலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடுகிறவன். ஒத்திகை எப்படி நடக்கும், யார் எங்கே உட்காருவார்கள், இடைவேளையில் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் பழகியவன். அந்தப் பக்கத்திலிருந்து இந்த நிகழ்வைப் பார்த்து எழுதுகிறேன். பாடியவர்கள் யாருடைய பெயரும் இதில் வராது.

பின்னணி: எப்படிப்பட்ட குழு

குழுவின் பெயர் ஸ்கேஜிட் வேலி கோரல். சியாட்டிலுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், ட்யூலிப் பூ வயல்களுக்குப் பேர்போன ஸ்கேஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். அப்போது 122 உறுப்பினர்கள் இருந்தார்கள். பாட்டைத் தொழிலாக வைத்துக்கொண்டவர்களின் குழு இல்லை அது. ஊர்க்காரர்கள் வாரம் ஒரு நாள், செவ்வாய் மாலை இரண்டரை மணி நேரம் கூடிப் பாடும் குழு.

இப்படிப்பட்ட குழுக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் கோரல் சொசைட்டி 1836ல் தொடங்கியது; இன்றும் பாடுகிறது. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893லிருந்து இருக்கிறது. நாடு மாறினாலும் குழுவின் உள்வாழ்க்கை பெரிதாக மாறுவதில்லை. பெண்களின் மேல் குரலான சோப்ரானோவுக்கு ஆள் நிறைய இருக்கும், டெனருக்குத் தேட வேண்டியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் தவறாமல் வருவார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, அதோடு அந்த ஒரு மாலைக்காகத்தான் வாரமே நகர்கிறது. மார்ச் 10 அன்று வந்தவர்களின் இடைநிலை வயது, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் வயது, 69. மிக இளையவருக்கு 31, மூத்தவருக்கு 83. நூற்றுக்கு 84 பேர் பெண்கள். இந்த எண்களைப் படித்தபோது, எங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டையே யாரோ எடுத்துப் பார்த்துவிட்டது போல இருந்தது எனக்கு.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது முக்கியம். அமெச்சூர் பாடகர்களில் பெரும்பாலோர் தனியாக நின்று தங்கள் வரியைப் பாட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவார்கள். ஆள் குறைந்தால் கொயர் மாஸ்டர் சொல்லும் முதல் வார்த்தை, "நெருங்கி உட்காருங்கள்" என்பதுதான். நெருக்கம் இல்லாமல் நாலு குரல் ஒத்துப் போகாது.

மார்ச் முதல் வாரம்: நடத்துவதா, நிறுத்துவதா

அமெரிக்காவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரியில் கண்டறியப்பட்டது வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில். ஸ்கேஜிட்டுக்குத் தெற்கே அடுத்த மாவட்டம் அதுதான். பிப்ரவரி கடைசியில் சியாட்டில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இறப்புகள் தொடங்கின. ஆக, ஊருக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் நோய் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஸ்கேஜிட்டில் பள்ளிகள் திறந்திருந்தன. கடைகள் திறந்திருந்தன. கூட்டம் கூடக் கூடாது என்ற தடை வரவில்லை. மார்ச் 6 அன்று கொயர் மாஸ்டர் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: கவலை இருக்கிறது, ஆனாலும் செவ்வாய் ஒத்திகை வழக்கம்போல நடக்கும்.

இந்த முடிவைப் பின்னோக்கிப் பார்த்துக் குறை சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன். அன்று பொதுச் சுகாதாரத் துறைகள் சொன்னதெல்லாம் கையைக் கழுவுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், கை குலுக்காதீர்கள், இருமுகிறவரிடமிருந்து தள்ளி இருங்கள் என்பதுதான். குழு அதையெல்லாம் செய்தது. வாசலில் சானிட்டைசர் கொடுத்தார்கள். கட்டிப்பிடிப்பதையும் கை குலுக்குவதையும் விட்டுவிட்டார்கள். சிலர் தங்கள் இசைத் தாள்களை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். வர வேண்டாம் என்று சொந்தமாக முடிவெடுத்தவர்களும் நிறைய. முந்தைய வாரம், மார்ச் 3 அன்று 78 பேர் வந்திருந்தார்கள். அந்த வாரம் 61 ஆகக் குறைந்தது.

வந்தவர்களில் ஒருவருக்கு மார்ச் 7லிருந்து சளி பிடித்தது போன்ற தொந்தரவு இருந்தது. மார்ச் மாதக் குளிரில் மூக்கு ஒழுகுவது அந்த ஊரில் பெரிய செய்தி இல்லை. அன்று பரிசோதனை செய்துகொள்வதும் சுலபமாக இல்லை.

மார்ச் 10: அந்த இரண்டரை மணி நேரம்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மே மாதம் வெளியிட்ட அறிக்கை ஒத்திகையை நிமிடக் கணக்கில் பதிவு செய்திருக்கிறது. மாவட்டச் சுகாதாரத் துறையினர் ஒவ்வொருவரிடமும் பேசி எடுத்த விவரங்கள் அவை.

ஒத்திகை 6.30க்குத் தொடங்கியது. ஒரு தேவாலயத்தின் கூடம். 20 நாற்காலிகள் கொண்ட 6 வரிசைகள், நடுவில் நடைபாதை. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடையே 6 முதல் 10 அங்குலம். ஆள் குறைவு என்பதால் இடையிடையே காலி இருக்கைகள். பெரும்பாலோர் தங்கள் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். கொயரில் இருப்பவர்களுக்கு இது புரியும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் நம் இடம் நம் இடம்தான்.

முதல் 40 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பிறகு இரண்டாகப் பிரிந்து 50 நிமிடம். ஒரு பாதி அதே கூடத்தில் இருந்தது, மறுபாதி சிறிய அறை ஒன்றுக்குப் போனது. இந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவர்கள் இடைவெளியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளுக்கு மாறினார்கள். சிறிய அறையில் பெஞ்சுகளில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அடுத்து 15 நிமிட இடைவேளை. கூடத்தின் பின்பக்கம் பிஸ்கட்டும் ஆரஞ்சும் இருந்தன. பலர் தாங்கள் சாப்பிடவில்லை என்றே சொன்னார்கள். கடைசி 45 நிமிடம் மறுபடி எல்லோரும் ஒன்றாக, பழைய இடங்களில். 9 மணிக்கு முடிந்ததும் அவரவர் நாற்காலியை மடித்து அடுக்கும் இடத்தில் சற்று நேரம் கூட்டம். பிறகு கலைந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் தொட்டதாக யாரும் சொல்லவில்லை.

கூடத்தின் பரப்பு சுமார் 180 சதுர மீட்டர், உயரம் நாலரை மீட்டர் அளவு என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். வெளிக்கதவுகள் மூடியிருந்தன. வெளியே குளிர், உள்ளே 61 பேர் வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பாடுகிறார்கள். நல்ல ஒத்திகை என்றால் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த ஒரு வாரம்

மார்ச் 11 அன்று மூன்று பேருக்கு உடம்பு சரியில்லை. 12 அன்று இன்னும் ஏழு பேர். அறிகுறி தொடங்கிய நாட்களை வரிசைப்படுத்தினால் இடைநிலை 3 நாள், மிகத் தாமதமானது 12 நாள்.

மார்ச் 15 அன்று கொயர் மாஸ்டர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: குறைந்தது ஆறு பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, இரண்டு பேர் பரிசோதனை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். மறுநாள் மூன்று பேருக்கு உறுதியானது. 17 அன்று கொயர் மாஸ்டரின் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது; அன்றே குழுவைச் சேர்ந்த ஒருவர் மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் 24 பேருக்குக் காய்ச்சல், இருமல் மாதிரியான அறிகுறிகள். துறை உறுப்பினர் பட்டியலை வாங்கி ஒவ்வொருவராக அழைத்துப் பேசத் தொடங்கியது.

இந்த இரண்டு மின்னஞ்சல்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் உலகம் முழுக்கப் பல இடங்களில் கூட்டங்கள் நடந்தன, நோய் பரவியது, யாரிடமிருந்து யாருக்கு என்று எவருக்கும் தெரியாமலே போய்விட்டது. இங்கே தெரிந்தது. காரணம், குழுவிடம் பட்டியல் இருந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்ல ஆள் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்தார் என்பதுகூடத் தெரிந்தது. வெட்கத்தாலோ பயத்தாலோ மறைக்காமல் குழுவே முன்வந்து பேசியது. நம் ஊர்க் குழு ஒன்றில் இப்படி நடந்திருந்தால், "எங்கள் கொயரால்தான் பரவியது" என்று பேர் வந்துவிடுமே என்ற பயம் எத்தனை நாளைத் தின்றிருக்கும்? அதை நினைத்துப் பார்த்தால் அந்த மின்னஞ்சல்களின் மதிப்பு புரியும்.

எண்கள் காட்டியவை

61 பேரில், முதலில் அறிகுறி வந்தவரைக் கழித்தால் 60. அவர்களில் 52 பேருக்கு நோய் வந்தது. பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 32 பேர், அதாவது நூற்றுக்கு 53. அறிகுறிகளை வைத்து முடிவு செய்த 20 பேரையும் சேர்த்தால் நூற்றுக்கு 87. அந்த 20 பேரில் பெரும்பாலோர் பரிசோதனைக்கே போகவில்லை என்பதால், இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மார்ச் 3 அன்று மட்டும் வந்துவிட்டு 10ஆம் தேதி வராதவர்கள் 21 பேர். அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. 10ஆம் தேதி மட்டும் வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவருக்கு வந்தது. எந்த மாலையில் நடந்தது என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது. மருத்துவமனையில் சேர்ந்த மூவருக்கும் ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உடல்நலப் பிரச்சினைகள் இருந்தன.

இருக்கை வரைபடத்தை அறிக்கை வெளியிடவில்லை. யார் நோயாளி என்று தெரிந்துவிடும் என்பது காரணம். இத்தனை பேருக்கு வந்தபிறகு, அதுவும் ஒரு மணி நேரம் இடம் மாறி உட்கார்ந்த பிறகு, வரைபடத்தால் புதிதாகத் தெரிய ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சின்ன ஊர். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக உட்காரும் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க் குரல்) யாரென்று ஊருக்கே தெரியும்.

ஒரு எதிர்க்கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒத்திகை முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பத்துப் பேருக்கு அறிகுறி வந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையமே கவனித்தது. அந்தப் பத்துப் பேரும் மார்ச் 3 ஒத்திகைக்கும் வந்தவர்கள். அவர்களில் சிலருக்கு முன்பே தொற்றியிருக்கலாம் என்று எழுதியது. 2023ல் பிரிட்டனைச் சேர்ந்த சிலர், ஒரே ஒருவரிடமிருந்து ஒரே மாலையில் இத்தனை பேருக்கும் பரவியது என்பதே நம்பத்தக்கது இல்லை என்று வாதிட்டார்கள். வாதம் தள்ளிவிடக் கூடியது அல்ல. ஆனால் ஆரம்பத்தில் ஒருவர் என்பதற்குப் பதில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொண்டாலும், 10ஆம் தேதி வராமல் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள் என்பது மாறவில்லை.

அதற்குப் பின்: காற்றா, கையா

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை நெருங்கி உட்கார்ந்ததையும் பாடியதையும் காரணங்களாகச் சொன்னது. கதை அதோடு நிற்கவில்லை. மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவாது என்று அழுத்தமாகச் சமூக ஊடகத்தில் அறிவித்திருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்லி மில்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பாடகர் குழுவினரின் உதவியோடு விவரங்களைச் சேகரித்துக் கணக்குப் போட்டார்கள். தொடவில்லை, இருமல் துளி நேராகப் படுகிற தூரத்தில் எல்லோரும் இல்லை, ஆனாலும் கூடம் முழுக்கப் பரவியிருக்கிறது. மூடிய கூடத்தின் காற்றில் மிதந்த நுண்துளிகளைச் சுவாசித்ததுதான் முக்கிய வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். காற்றோட்டம், ஆள் நெருக்கம், எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கிறோம் என்ற மூன்றும் ஆபத்தைக் கூட்டிக் குறைக்கும் என்றார்கள். 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கச் சொல்லி வேண்டுகோள் விடுத்தார்கள். அந்த வாதத்தில் இந்த ஒத்திகை திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாக வந்தது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய அமெச்சூர் குழு மார்ச் 8 அன்று கச்சேரி செய்தது. அங்கேயும் 130 பேரில் 102 பேருக்கு நோய். ஒரே ஊரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாமல் போனது.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பாடும்போது நுண்துளிகள் வெளிவரும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. காசநோயும் பாட்டும் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1968லேயே வந்திருக்கிறது. குரலின் சத்தம் கூடக்கூட வெளிவரும் துகள்களும் கூடும் என்று கலிஃபோர்னியாவில் 2019ல் அளந்து காட்டினார்கள். மார்ச் முதல் வாரத்தில் இது எதுவும் ஒரு கொயர் மாஸ்டரின் காதுக்கு எட்டவில்லை. எட்ட வைக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2020 ஆய்வு இன்னொரு தெளிவைத் தந்தது. ஒரே சத்தத்தில் பேசினாலும் பாடினாலும் நுண்துளி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தம் கூடும்போதுதான் வெகுவாக ஏறுகிறது. பாட்டு என்பதே ஆபத்து என்ற பேச்சு ஓரளவுக்கு அடங்கியது. அமெரிக்காவில் இசை அமைப்புகள் சேர்ந்து நடத்திய ஆய்விலிருந்து வந்த ஆலோசனை: 30 நிமிடம் பாடுங்கள், பிறகு அறையை விட்டு வெளியே வந்து காற்று மாற விடுங்கள்.

முடிவுகளைப் பற்றி

ஒத்திகையை நடத்தியது அன்றைய அறிவுக்குத் தவறான முடிவு அல்ல. தவறு இருந்தால், குழுவுக்குக் கிடைத்த அறிவுரையில் இருந்தது. கையைப் பற்றிச் சொன்னார்கள், குழு கையைக் காத்தது.

நடுவில் 50 நிமிடம் நெருங்கி உட்கார்ந்த முடிவைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தொடக்கத்தில் காலி நாற்காலிகள் தற்செயலாகத் தந்த இடைவெளியை, பாட்டு நன்றாக வர வேண்டும் என்பதற்காகக் குழுவே கைவிட்டது. நானும் அதையேதான் செய்திருப்பேன். நெருங்கினால் சுருதி சேரும் என்பது எங்களுக்கு உடம்பில் ஊறிய பழக்கம். கவலை மனதில் இருந்தும், பாடத் தொடங்கியதும் பழக்கம்தான் வென்றது.

லேசான சளியோடு வருவதும் அப்படியே. அமெச்சூர் குழுவில் வராமல் இருப்பது மற்றவர்களைக் கைவிடுவதாகத் தோன்றும். அதுவும் டெனரில் நாலு பேர்தான் என்றால் சொல்லவே வேண்டாம். இதை ஒருவரின் பொறுப்பின்மை என்று எழுதுகிறவர்கள் கொயரில் இருந்ததில்லை.

எங்கள் குழுவில் மாறியவை

எங்கள் குழு சுமார் 40 பேர். அக்டோபர் கடைசியில் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு ஒத்திகை தொடங்கும். 2022ல் மறுபடி முழுதாகக் கூடத் தொடங்கியபோது நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு பேசினோம்.

முதலில் மாற்றியது நேரம். இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகப் பாடியதை விட்டுவிட்டு, 40 நிமிடம் பாடி, வெளியே வராந்தாவில் டீ குடித்து, திரும்பி வந்து இன்னொரு 40 நிமிடம். சுண்டல் தட்டு உள்ளே வருவதில்லை. ஏசி அறையை விட்டுவிட்டுப் பழைய ஹாலுக்கே போனோம். அதற்கு நாலு பக்கமும் ஜன்னல்.

வருகைப் பதிவு முன்பு பேருக்கு இருந்தது. இப்போது ஒவ்வொரு ஒத்திகைக்கும் எழுதுகிறோம், தொலைபேசி எண்ணோடு. மவுண்ட் வெர்னன் குழுவிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டதில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

கஷ்டமானது சளி விஷயம். எழுபது வயதைத் தாண்டிய எங்கள் பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) பாடகர் ஒருவர் ஒரு நாள் வாசலிலேயே நின்று, "தம்பி, லேசா தொண்ட கட்டியிருக்கு. பாடல, சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்றார். முன்பென்றால் நாற்காலி எடுத்துப் போட்டிருப்போம். "அண்ணாச்சி, வராந்தாவுல உக்காருங்க, ஜன்னல் தொறந்துதான் இருக்கு, கேக்கும்" என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு நாற்காலிகள் நிரந்தரமாகப் போட்டிருக்கிறோம். தொண்டை சரியில்லாதவர்கள் தாளை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து தங்கள் வரியைக் காதால் படித்துக்கொள்கிறார்கள். வரவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவர்களுக்கு இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜன்னல் திறந்திருப்பதால் சாலைச் சத்தம் உள்ளே வருகிறது. ஆல்ட்டோ பக்கம் சுருதி இறங்கினால் உடனே தெரிவதில்லை. தள்ளி உட்கார்ந்ததால் டெனரில் புதிதாக வந்த இருவருக்கு இன்னும் பிடிமானம் கிடைக்கவில்லை. அவர்களுக்காக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் தனியாக அரை மணி நேரம், கீபோர்டு இல்லாமல், வெறும் குரலில் அவர்கள் வரியை மட்டும் பாடிப் பார்க்கிறோம்.